புட்டியில் குறைந்த ஏழு மாத்திரைகள்

24ஆம் தேதி காலையில் புட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. ஏ.டி.எச்.டி. என்ற கவனக் கோளாறுக்காக ஒன்றாம் தேதி முப்பது மாத்திரை வாங்கியிருந்தேன். நாளுக்கு ஒன்று. கணக்குப்படி இன்னும் ஏழு இருக்க வேண்டும். எனக்குச் சாவி தொலையும், தேதி தப்பும், குடை போன இடம் தெரியாது. அதனால் முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். மேசை இழுப்பறை, பை, கோட்டுப் பாக்கெட் என்று எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். பாதித் தேடலில்தான் நினைவு வந்தது. எதுவும் தொலையவில்லை, யாரும் திருடவும் இல்லை. ஏழையும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

வாங்கிக்கொண்டது என் அறைத்தோழி. முதல் முறை கேட்டது ஒரு தேர்வுக்கு முந்தைய இரவு. "ஒண்ணே ஒண்ணு குடுடி. நாளைக்கு மட்டும்தான்." அவள் கண்ணில் இருந்த பயம் எனக்கும் பழக்கமான பயம். கொடுத்துவிட்டேன். இரண்டாவது முறை வாய்விட்டுக் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். அதற்கப்புறம் அது சார்ஜர் கடன் வாங்குவதைப் போல ஆகிவிட்டது. காசு வாங்கவில்லை. அதனால் தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

சட்டம் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபெட்டமைனும் மெத்தில்ஃபெனிடேட்டும் அமெரிக்காவில் 1971இலிருந்து இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவப் பயன் உண்டு, ஆனால் அடிமைப்படுத்தும் ஆபத்து அதிகம் என்று அரசு கருதும் மருந்துகளின் பட்டியல் அது. அப்படிப்பட்ட மாத்திரையைத் தோழிக்குச் சும்மா கொடுத்தாலும் அது விநியோகம்தான். மாணவர்களிடையே இந்த மாத்திரைகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று கேட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பதிலும் ஒன்றுதான்: நண்பர்களிடமிருந்து. மருந்துச்சீட்டு வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து. அதுவரை என்னை நோயாளி என்றுதான் நினைத்திருந்தேன். சப்ளையர் என்று நினைத்ததில்லை.

முன்கூட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. முப்பது நாளுக்கு முப்பது என்றால் முப்பதுதான். இருந்தாலும் மருந்தகத்துக்குப் போய், "மாத்திரை தொலைந்துவிட்டது" என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்படித் தொலைத்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் உண்மையிலேயே தொலைத்து வந்தவள் நான். அந்த ஒரு முறைதான் பொய்யாகத் தொலைத்தேன்.

அந்த ஒரு வாரம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினேன். ஒரே பத்தியை ஆறு முறை படிப்பது, ஏழாவது முறை ஜன்னலைப் பார்ப்பது, ஜன்னலிலிருந்து திரும்பும்போது மாலை ஆகியிருப்பது. ஆய்வு நெறியாளருடன் இருந்த சந்திப்பைக் குறித்து வைத்திருந்தேன். குறித்து வைத்த காகிதம் எங்கே என்று தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் என் அறைத்தோழிக்குத் தேர்வு முடிவு வந்தது. பாஸ். சந்தோஷமாக வந்து கட்டிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளிடம் இனி இல்லை என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். சொல்லவும் சொன்னேன். "பரவாயில்லை, நானே போய் வாங்கிக்கிறேன்" என்றாள்.

அவள் எப்படி வாங்கினாள் என்பதைச் சொல்வதற்கு முன், எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தது 24 வயதில். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்த மிகையியக்கம் என்னிடம் வெளியே தெரிந்ததே இல்லை. வகுப்பில் மேசைமேல் ஏறிக் குதித்த பையன்களை ஆசிரியர்கள் கவனித்தார்கள். ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து வேறு உலகத்துக்குப் போய்விட்ட பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. தொந்தரவு தராத நோயாளியை யார் தேடுவார்கள்? பெண்களுக்கு இது பல ஆண்டு தாமதமாகத் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம். என் மதிப்பெண் அட்டைகளில் வருடா வருடம் ஒரே வாசகம் வேறு வேறு கையெழுத்தில் இருந்தது: திறமை இருக்கிறது, முயற்சி போதாது.

அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013இல் வெளியிட்ட மனநல நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் (முந்தைய பதிப்பில் இந்த வரம்பு 7 வயதாக இருந்தது). வீடு, கல்விக்கூடம் என்று இரண்டு இடங்களிலாவது வெளிப்பட வேண்டும். வாழ்க்கையை உண்மையாகவே குலைத்திருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான வேலிதான்.

அந்த வேலியை நான் தாண்டிய கதை கொஞ்சம் கேவலமானது. முதல் சந்திப்பை மறந்துவிட்டேன். இரண்டாவதுக்குச் சரியான நேரத்தில் தவறான கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவதுக்குச் சரியான இடத்துக்கே போனேன், நிரப்பிக் கொண்டுவரச் சொன்ன படிவத்தை அறையில் வைத்துவிட்டு. பழைய மதிப்பெண் அட்டைகளைக் கேட்டார்கள். அம்மா தேடி அனுப்பினார். வந்த உறையை எங்கோ வைத்தேன். மொத்தம் எட்டு மாதம் ஆயிற்று. நேரத்துக்கு வர வேண்டும், காகிதம் சேர்க்க வேண்டும், படிவத்தை முழுதாக நிரப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் முடியாதவர்களைக் கண்டுபிடிக்க இவையெல்லாம் முடிந்தவர்களுக்கான ஒரு வழியை அமைத்திருக்கிறார்கள்.

என் அறைத்தோழிக்கு இரண்டே வாரம்தான் பிடித்தது.

வேறொரு மருத்துவரிடம் போனாள். போவதற்கு முன் படித்தாள். எதைப் படிப்பதிலும் அவள் கெட்டிக்காரி. ஒரு கோப்பு தயார் செய்தாள், வண்ண வண்ணத் தாள் ஒட்டிப் பிரித்து. சந்திப்புக்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்தாள். தன் ஒழுங்கின்மையை இவ்வளவு ஒழுங்காக நிரூபித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. முக்கால் மணி நேரத்தில் சீட்டோடு திரும்பி வந்தாள். என்னுடையதைவிட ஐந்து மில்லிகிராம் அதிகம்!

சிரித்தோம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரவு படுத்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது.

இந்தக் கோளாறை நடிப்பது ஏன் எளிது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரு தனி ஆளுக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும் ஸ்கேனும் இன்னும் கிடையாது. கேள்விகள்தான் உண்டு. கேள்விகளில் வரும் விஷயங்களோ யாருக்கும் அந்நியமானவை அல்ல. பொருட்களைத் தொலைக்கிறீர்களா? தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுகிறீர்களா? நேரே பேசும்போதும் காதில் விழாதது போல இருக்கிறீர்களா? எல்லோரும் தொலைக்கிறோம், எல்லோரும் விடுகிறோம். கேள்விகளில் 'அடிக்கடி' என்றொரு சொல் இருக்கிறது. மொத்த நோயும் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. நீரிழிவை நடிப்பவருக்கு இல்லாத சர்க்கரையை உண்டாக்க வேண்டும். இதை நடிப்பவர் இருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். சிலருக்கு உண்மையிலேயே ஏ.டி.எச்.டி. இருந்தது. இல்லாதவர்களில் ஒரு பகுதியினரிடம், இணையத்தில் கிடைக்கும் தகவலைச் சில நிமிடங்கள் படிக்கக் கொடுத்து, இருப்பதுபோல நடிக்கச் சொன்னார்கள். தானே நிரப்பும் வினாப்பட்டியல்களால் நடித்தவர்களையும் நோய் உள்ளவர்களையும் பிரிக்க முடியவில்லை. ஓரளவு பிடித்தவை வேறு வகைச் சோதனைகள். பார்க்கக் கடினமாகத் தெரியும், உண்மையில் மிகச் சுலபமாக இருக்கும். நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்கள் அதில் நன்றாகச் செய்துவிடுவார்கள். நடிப்பவர்கள்தான் வேண்டுமென்றே தப்புச் செய்து மாட்டிக்கொள்வார்கள்.

அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தச் சோதனைகளில் தேறாதவர் எல்லோரும் பொய்யர்கள் இல்லை. சிலர் களைப்பில் தவறுகிறார்கள். சிலர், தன் பேச்சை இதுவரை யாரும் நம்பவில்லை என்பதால், இருக்கிற வலியையே கொஞ்சம் உரக்கச் சொல்கிறார்கள். நான் அந்த எட்டு மாதத்தின் கடைசியில், இத்தனை அலைச்சலுக்குப் பிறகு இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், 'சில சமயம்' என்று போட வேண்டிய இரண்டு இடங்களில் 'அடிக்கடி' என்று போட்டேன். இதை அறைத்தோழியிடம் அப்போது சொல்லவில்லை.

சரி, அந்த மாத்திரை என்னதான் செய்கிறது?

கொஞ்சம் பழைய கதை. ஆம்ஃபெட்டமைனை 1887இல் பெர்லினில் லாசர் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் உருவாக்கினார். எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1930களில் பென்செட்ரின் என்ற பெயரில் மூக்கடைப்புக்கு விற்றார்கள். 1937இல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் தன் காப்பகத்துக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பரிசோதனைக்குப் பின் அவர்களுக்கு வந்த தலைவலிக்கு அது உதவலாம் என்பது அவர் கணக்கு. தலைவலி பெரிதாகப் போகவில்லை. ஆனால் 30 குழந்தைகளில் 14 பேர் பாடத்தில் திடீரென்று ஈடுபாடு காட்ட ஆரம்பித்தார்கள். குழந்தைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்களாம்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. அதே காலத்தில்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இந்த மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இது தூக்கத்தை விரட்டுகிறது என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டது, தேர்வுக்கு முன் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். மருந்தாகப் பயன்பட்டதும் பரீட்சைக்குத் திருட்டுத்தனமாகப் பயன்பட்டதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்திருக்கின்றன. இது இந்தத் தலைமுறையின் சீரழிவு என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த 1937 மாணவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னொன்று ரிட்டலின், அதாவது மெத்தில்ஃபெனிடேட். மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் சீபா என்ற மருந்து நிறுவனத்தில் உருவாக்கிய லேயாண்ட்ரோ பனிசோன், அதைத் தன் மனைவிக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் டென்னிஸ் ஆடுவதற்கு முன் போட்டுக்கொள்வாராம். மார்கெரிட் என்ற அவருடைய செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் ரிட்டலின். ஆக அந்த மாத்திரையின் பெயரிலேயே நோயில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் மாத்திரை எடுத்த முதல் நாள் ஒரு வகுப்பை முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை கேட்டேன். என் நினைவில் அப்படிக் கேட்ட முதல் வகுப்பு அதுதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு நோய் இருப்பது உறுதியாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மாத்திரை இப்படி வேலை செய்யுமா என்று. பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள்: நோய் இருந்தால் அடக்கும், இல்லாவிட்டால் துள்ளவைக்கும். அது தவறு. ஜூடித் ராப்போபோர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1978இலேயே காட்டிவிட்டார்கள். எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஆம்ஃபெட்டமைனின் ஒரு வகையான டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் கொடுத்தபோது, அவர்களும் அசைவு குறைந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் கவனமும் கூடியது. மாத்திரை பலிப்பதால் மட்டும் நோய் இருப்பதாக ஆகாது. என் அறைத்தோழியும் இதே தர்க்கத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் வேலை செய்யுதே? அப்போ நான் பொய் சொல்லலைதானே?"

அவளுக்கு எப்படி வேலை செய்தது என்பதை நான் ஒரு முறை பக்கத்திலிருந்தே பார்த்தேன். பருவ இறுதிக் கட்டுரை. மாலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தாள். பதினான்கு மணி நேரம். நடுவில் சாப்பிடவில்லை, பசிக்கவே இல்லை என்றாள். காலையில் எனக்குப் படித்துக் காட்டினாள், கண்கள் மின்ன. தான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்றாள். முதல் பத்தி அபாரமாக இருந்தது. அந்தப் பத்திக்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. நூற்பட்டியலில் ஒரு கமா தவறவில்லை, அடிக்குறிப்புகள் எல்லாம் ஒரே அளவில் வரிசையாக நின்றன. என்ன சொல்ல வருகிறாள் என்பது மட்டும் நான்காம் பக்கத்தில் காணாமல் போயிருந்தது. வந்த மதிப்பெண் அவளுடைய வழக்கமானதைவிடக் குறைவு. திருத்தியவருக்குப் புரியவில்லை என்றாள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐரீனா இலியேவா, மார்த்தா ஃபாரா ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தபோது அந்தக் காலைதான் கண்முன் வந்தது. கோளாறு இல்லாத 46 இளைஞர்களுக்கு ஒரு நாள் ஆம்ஃபெட்டமைன் உப்புகள், இன்னொரு நாள் வெற்று மாத்திரை. நினைவு, படைப்பாற்றல், அறிவுத்திறன் என்று பலவற்றைச் சோதித்தார்கள். உறுதியாகச் சொல்லும்படி எதிலும் முன்னேற்றம் இல்லை. ஆனால் மருந்து எடுத்த நாளில் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். 2018இல் லிசா வேயண்ட் குழுவினர் 13 மாணவர்களிடம் செய்த சிறிய ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. 30 மில்லிகிராம் அடரால் (ஆம்ஃபெட்டமைன் உப்புகளின் விற்பனைப் பெயர்) கவனத்தைக் கூட்டியது. வாசித்துப் புரிந்துகொள்வதில் பயன் தரவில்லை. ஒரு தகவலை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனைக் குறைத்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது.

2023இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. கோளாறு இல்லாத 40 பேருக்கு ஒரு புதிர். ஒரு பை, எடையும் மதிப்பும் வேறுபடும் சில பொருட்கள், எடை வரம்பைத் தாண்டாமல் மொத்த மதிப்பு அதிகமாக வரும்படி நிரப்ப வேண்டும். மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், தூக்கத்தை விரட்டும் மோடாஃபினில், வெற்று மாத்திரை என்று வேறு வேறு நாட்களில் கொடுத்தார்கள். மருந்து எடுத்த நாட்களில் அதிக நேரம் செலவழித்தார்கள், அதிக முறை பொருட்களை எடுத்து எடுத்து வைத்தார்கள். அந்த நகர்த்தல்களில் தரம் குறைந்திருந்தது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேல் செய்தவர்கள் பலர் மெத்தில்ஃபெனிடேட்டில் சராசரிக்குக் கீழே போனார்கள். உழைப்பு ஏறியது, அந்த உழைப்பில் யோசனை குறைந்தது. ஐந்து மணி நேரம் ஒரே பத்தி!

காரணம் ஓரளவு தெரிந்ததுதான். மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைனையும் நார்எபிநெஃப்ரினையும் இந்த மருந்துகள் கூட்டுகின்றன. மெத்தில்ஃபெனிடேட் வெளியே வந்தவை திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமைன் அதோடு நிற்காமல் மேலும் வெளியே தள்ளுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இவை அளவாக வேண்டும். குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும். என்னைப் போன்றவர்களுக்கு மருந்து அந்த அளவை எட்ட உதவுகிறது. ஏற்கெனவே அளவில் இருப்பவரை அது தாண்டவைத்துவிடலாம். நோரா வோல்கோ குழுவினர் 2004இல் கோளாறில்லாத 16 பேருக்குக் கணக்குப் போடக் கொடுத்துப் பார்த்தார்கள். மெத்தில்ஃபெனிடேட் எடுத்தபோது டோபமைன் ஏறியது, கணக்கு சுவாரசியமாக இருந்தது என்றார்கள். அதுதான் விஷயம். என் அறைத்தோழிக்கு அந்த மாத்திரை தந்தது அறிவு இல்லை, சலிப்பிலிருந்து விடுதலை. அடிக்குறிப்புக்கூடச் சுவாரசியமாகிவிட்டது.

சலிப்பும் பயமும்தான் அவளுடைய பிரச்சினை. பாடம் பிடிக்கவில்லை. வகுப்புக்குப் போகாமல் சேர்ந்துபோன பாரம், கடைசி மூன்று நாளில் தலைமேல் இறங்கும். அமேலியா அரியா என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆண்டுகள் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது கண்ட சங்கிலியும் இதுதான்: சீட்டில்லாமல் மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாகக் கெட்டிக்கார மாணவர்கள் இல்லை. குடியும் கஞ்சாவும் கூடுதல், வகுப்பைத் தவறவிடுவது கூடுதல், மதிப்பெண் குறைவு, அப்புறம் அதை ஈடுகட்ட மாத்திரை. என் அறைத்தோழி குடிப்பவள் இல்லை. மற்றபடி கதை அதேதான்.

எல்லோரும்தானே எடுக்கிறார்கள் என்று அவள் சொல்வாள். இதுவும் கூட இருப்பவர்களைப் பார்த்து வரும் மயக்கம். அமெரிக்காவில் 119 கல்லூரிகளில் 2001இல் எடுத்த கணக்கில், முந்தைய ஓராண்டில் சீட்டில்லாமல் எடுத்தவர்கள் சுமார் 4 சதவீதம். சில கல்லூரிகளில் ஒருவர்கூட இல்லை, சிலவற்றில் நான்கில் ஒருவர். அந்த நான்கில் ஒருவரைக் கொண்ட விடுதியில் இருப்பவளுக்கு உலகமே எடுப்பதாகத்தான் தெரியும்.

உடம்பு கொடுக்கும் விலையைப் பற்றி நீட்டப் போவதில்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், பசியின்மை, மருந்து இறங்கும்போது வரும் எரிச்சல் எல்லாம் மருந்தோடு வரும் துண்டுச்சீட்டிலேயே இருக்கின்றன. தூக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். படித்ததை மூளை கெட்டியாக்கிக்கொள்வது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தை விற்றுப் படிப்பு வாங்குகிறவர் வாங்கியதை வைக்க இடமில்லாமல் நிற்கிறார். இன்னொன்று இதைவிடக் கொடியது. நண்பரின் நண்பரிடம் வாங்கும் மாத்திரை எது என்று யாருக்குத் தெரியும்? 2022 மே மாதம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். ஃபென்டனில் என்ற கடும் போதைமருந்து கலந்ததாகத் தோன்றும் போலி அடரால் மாத்திரைகள் சுற்றுவதாகப் பல்கலைக்கழகம் எச்சரிக்கை விட்டது. என் புட்டியிலிருந்து கொடுத்ததால் அவளுக்கு அந்த ஆபத்து இல்லை என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு.

டியூக் பல்கலைக்கழகம் 2011இல், படிப்பில் மேலே வருவதற்காகச் சீட்டில்லாமல் இந்த மருந்துகளை எடுப்பதை மோசடிப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டப் பந்தயத்தில் ஊக்கமருந்து போல என்று வாதிட்டார்கள். எனக்கு அந்த ஒப்புமை முழுதாக ஒட்டவில்லை. ஓட்டக்காரர் உண்மையிலேயே வேகமாக ஓடுகிறார். இங்கே ஓடுவதாக நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நிஜமான அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சான்றிதழோடு தேர்வில் கூடுதல் நேரமும் வருகிறது, அது யாருக்கும் உதவும். நான் அந்தக் கூடுதல் நேரத்துக்கு விண்ணப்பித்தபோது ஓர் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "இந்த வருஷம் எல்லாருக்குமே இது வந்துடுச்சு போலிருக்கே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் கூடுதல் நேரம் கேட்கவே இல்லை.

நடிப்பவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஏழு மாத்திரை இல்லை. சொன்னதும் நம்பப்படும் நிலையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கோபம் முழுவதையும் அவர்கள்மேல் காட்டவும் எனக்கு மனம் வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் சீட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்களே. பெருந்தொற்றுக் காலத்தில் திரைவழியே பார்த்து மாத்திரை எழுதும் நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றின் தலைமையில் இருந்தவர்களை 2024 ஜூனில் அமெரிக்க நீதித் துறை கைது செய்தது. 4 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகளுக்கு வழி செய்தார்கள் என்பது அப்போது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. இடையில் 2022 அக்டோபரில் அடரால் தட்டுப்பாடு என்று அரசே அறிவித்தது. ஒரு தயாரிப்பாளரிடம் ஏற்பட்ட தாமதம், கூடவே ஏறிக்கொண்டிருந்த தேவை. கடை கடையாக அலைந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அலைவதுதான் உலகிலேயே கடினமான வேலை.

என் அறைத்தோழி ஒன்றரை வருடம் எடுத்தாள். படிப்பு முடிந்தது, வேறு துறைக்குப் போனாள், பிடித்த வேலை கிடைத்தது. மாத்திரை தானாக நின்றுபோனது. நிறுத்திய வாரத்தில் இரண்டு நாள் முழுக்கத் தூங்கினாள் என்று சொன்னாள். அப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் ஒரு நாள் இரவு கூப்பிட்டாள். வீடு மாற்றுகிறாளாம். பெட்டியைக் காலி செய்யும்போது அந்தக் கோப்பு கிடைத்திருக்கிறது, வண்ணத் தாள்களோடு.

"படிச்சுப் பாத்தேன்டி" என்றாள். "நான் எழுதினது எல்லாமே பொய்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். இப்போ படிச்சா நாலஞ்சு பொய் மாதிரி தெரியலை. சின்ன வயசுல நான் அப்படித்தான் இருந்திருக்கேன். எனக்கும் இருந்திருக்குமோ?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் படிவத்தில் நான் போட்ட இரண்டு 'அடிக்கடி'களைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"சரி, அந்த நாலஞ்சு எதுன்னு படி" என்றேன்.

படிக்க ஆரம்பித்தாள். கேள்வி, அதற்குக் கீழே அவள் எழுதிய பதில், ஒவ்வொன்றாக. மூன்றாவது கேள்விக்கு வரும்போது, அவள் வீடு மாற்றுவதாகச் சொன்னாளே, புது வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "கேக்கிறியா?" என்றாள். இல்லை, மறுபடியும் முதலிலிருந்து படி என்றேன்.